அப்பாவின் மரணசாசனமும் ஜசிந்தாவின் கையெழுத்தும்

1

அம்மாவின் நினைவு நாளன்று எங்கள் வீட்டில் மூன்று காரியங்கள் நடக்கும். காலையில் கோயிலில் பூசை. மத்தியானம் தங்கச்சியின் பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சோறும் கறியும். பின்னேரம் அப்பாவின் மரணசாசன வாசிப்பு, தமிழ்நாட்டில் உயில் என்பார்களே அது. முதல் இரண்டும் ஊரில் எல்லோரும் செய்வது. மூன்றாவதைத் திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டைத் தவிர வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. மற்றவர்கள் மரணசாசனத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவார்கள். எங்கள் அப்பா அதை வருடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பூசையில் நற்செய்தி வாசிக்கிற மாதிரி எழுந்து நின்று வாசிப்பார்.

நான் இருப்பது ஜேர்மனியில், கிறேவெல்ட் என்ற ஊரில். அப்பா வாசிக்கும் நேரம் எனக்கு மத்தியானச் சமையல் நேரம். கைத்தொலைபேசியைக் குசினி மேசையில் சீனிப் போத்தலோடு சாத்தி வைத்துவிட்டு வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்பேன். தம்பி அன்ரன் மெல்பேணிலிருந்து திரைக்கு வருவான், அங்கே அப்போது இரவு. "சுய புத்தியுடனும் தெளிந்த மனதுடனும்" என்று அப்பா தொடங்கும்போது அவன் முகம் தெரியும். "எவருடைய தூண்டுதலோ வற்புறுத்தலோ இன்றி" என்று வரும்போது அவன் வீட்டு முகடு மட்டும்தான் தெரியும். அவனுடைய புத்தியும் மனதும் அதற்குள் எங்கேயோ போய்விடும்.

அப்பா திருகோணமலைக் கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், முதலியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ்நாட்டு வாசகர்கள் அவசரப்பட வேண்டாம், இங்கே முதலியார் என்பது உத்தியோகம். சாட்சி தமிழில் சொல்வதை நீதவானுக்கு ஆங்கிலத்திலும் சிங்களத்திலும், நீதவான் சொல்வதைச் சாட்சிக்குத் தமிழிலும் மாற்றிச் சொல்கிற மொழிபெயர்ப்பாளர். அந்த உத்தியோகத்தை அவர் பின்னேரம் கோட்டு வாசலில் விட்டுவிட்டு வந்ததாக எனக்கு நினைவில்லை. பள்ளிக்கூடம் விட்டு நான் பிந்தி வந்தால் விளக்கமறியல், அதாவது விசாரணை முடியும்வரை அறைக்குள் இருக்க வேண்டும். அம்மா எனக்காகப் பொறுப்பு நின்றால் பிணை. கணக்கு வீட்டுப்பாடம் செய்யவில்லையென்றால் தவணை, அதாவது இன்னொரு நாள், கேட்கலாம், ஆனால் காரணம் காட்ட வேண்டும். சாப்பாட்டுக்குக்கூட, கோட்டில் வழக்காளிகளைக் கூப்பிடுவதுபோல, முழுப் பெயரைச் சொல்லி மூன்று தரம் கூப்பிடுவார். மூன்றாம் தரத்துக்கும் வராதவருக்குப் பிடியாணை. அதை நிறைவேற்றுகிறவர் அம்மா, கையில் அகப்பைக் காம்பு. அழைப்பாணை என்றால் நீயாக வா என்று அர்த்தம், பிடியாணை என்றால் பிடித்துக்கொண்டு வா என்று அர்த்தம். இந்த வித்தியாசத்தை நான் சட்டப் புத்தகத்தில் படிக்கவில்லை, என் காலில் படித்தேன்.

மரணசாசனத்தில் இருக்கிற விஷயம் மிகச் சின்னது. நிலாவெளிக் காணி எனக்குச் சீதனமாகப் போய்விட்டது. அன்ரனுக்குப் படிப்பும் பயணமும் கிடைத்தன. ஆகவே ஓர்ஸ் ஹில் வீடு கடைசி மகள் ஜசிந்தாவுக்கு. இதை ஒரு வசனத்தில் சொல்லலாம். அப்பா நான்கு பக்கத்தில் சொல்லியிருந்தார். கடைசிப் பக்கத்தில் சாட்சிகளின் பெயர்கள். அதையும் விடமாட்டார், ஐந்து பெயரையும் வாசித்து முடித்துத்தான் உட்காருவார்.

இந்த வருடம் அந்த வாசிப்பின்போது என் மகள் நத்தாலி வீட்டில் இருந்தாள். இருபத்தாறு வயது. இங்கே ஒரு நொத்தாரிசு அலுவலகத்தில், சொத்துப் பத்திரங்களும் உயில்களும் எழுதிப் பதிகிற இடத்தில், வேலை. தமிழ் நன்றாக விளங்கும், பேசச் சொன்னால் கட்டணம் கேட்பாள் போலிருக்கும். வாசிப்பு முழுவதையும் தலையைக் குனிந்தபடி கேட்டவள், கடைசிப் பெயர் வந்ததும் நிமிர்ந்தாள்.

"அம்மா, சித்தி ஏன் ரெண்டு தரம் வாறா?"

2

வீட்டில் இருக்கிறவள் எல்லா இடமும் வரத்தானே செய்வாள் என்று நான் சொன்னேன். நத்தாலி சிரிக்கவில்லை. தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பாதி தமிழிலும் மீதி ஜேர்மனிலும் சொன்னாள். மரணசாசனத்தால் சொத்துப் பெறுகிறவர் அதற்குச் சாட்சியாகக் கையெழுத்து வைக்கக் கூடாது. வைத்தால் சாசனம் நிற்கும், அவருக்குக் கொடுத்தது மட்டும் விழுந்துவிடும். சாட்சிக்கு அதில் ஆதாயம் இருக்கக் கூடாது என்பதுதான் காரணம்.

அது உங்கள் நாட்டுச் சட்டம் என்று சொல்லிப் பார்த்தேன். மனது கேட்கவில்லை. என்னோடு படித்த ஒருத்தி கொழும்பில் சட்டத்தரணியாக இருக்கிறாள். அவளிடம் கேட்டேன். "ஓமடி, இங்கையும் அதுதான்" என்றாள். பிறகு, உன்னுடைய அப்பா முதலியார் அல்லவா, அவருக்கு இது தெரியாமலா என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அது சட்டத்தில் சேராது.

நடந்தது இதுதான். நொத்தாரிசு இல்லாமல் மரணசாசனம் எழுதினால் ஐந்து சாட்சிகள் வேண்டும், ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நின்று பார்க்க வேண்டும். அப்பா நொத்தாரிசிடம் போக மறுத்தார். நொத்தாரிசுமாருக்கு வசனம் திருத்திக் கொடுத்தவர் அவர்களிடம் போய்க் கை கட்டி நிற்பதா? தானே எழுதினார். ஐந்து பேருக்கு நேரமும் கொடுத்தார். நான்கு பேர் வந்தார்கள். ஐந்தாவது ஆள் ஹனிபா நானா, துறைமுகத்துக்கு அக்கரையில் இருக்கிற கிண்ணியாக்காரர், அப்பாவின் சிநேகிதர், கோட்டில் பெயர் கூப்பிடும் வேலை பார்த்தவர். அன்றைக்கென்று பார்த்து மழை. அவரைக் காணவில்லை.

வேறு வீடாக இருந்தால் பொறுத்திருப்பார்கள், இல்லையென்றால் இன்னொரு நாள் பார்ப்பார்கள். எங்கள் அப்பா குடையைப் பிடித்துக்கொண்டு கேற்றடிக்குப் போனார். துறைமுகப் பக்கம் பார்த்து ஹனிபா நானாவின் முழுப் பெயரைச் சொல்லி மூன்று தரம் கூப்பிட்டார். பதில் இல்லை. திரும்பி வந்து, சாட்சி சமுகமில்லை என்று அறிவித்துவிட்டுக் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த ஜசிந்தாவைக் கூப்பிட்டார். அவள் கையைக் கழுவிச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்து வைத்தாள். தேத்தண்ணி ஊற்றும்போது ஹனிபா நானா நனைந்துபோய் வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து அவருக்கு ஒரே குறைதான். "மூணு தரம் கூப்பிட்டீங்க சரி, கிண்ணியாவுக்குக் கேக்கிற மாதிரிக் கூப்பிட்டீங்களா?" என்று இன்றைக்கும் கேட்பார். இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி நாங்கள் எத்தனை வருடம் சிரித்திருக்கிறோம்.

இப்போது சிரிப்பு வரவில்லை. கொடுத்தது விழுந்தால், அப்பாவுக்குப் பிறகு வீடு மூன்று பிள்ளைகளுக்கும் மூன்று பங்காகப் போகும். என் பங்கு பிரச்சினை இல்லை. அன்ரனிடம் கேட்டேன். அவன் கெட்டவன் இல்லை. எனக்கென்ன அக்கா வீட்டுக்கு என்றுதான் தொடங்கினான். பிறகு ஒரு ஆனால் போட்டான். அந்த வீட்டிலிருந்து பார்த்தால் உள்துறைமுகம் முழுவதும் தெரிகிறதாம், ஹோட்டல்காரர் ஒருவர் ஏற்கெனவே விசாரித்தாராம், விற்றால் ஜசிக்கு வேறெங்காவது ஒரு சின்ன வீடு நல்லதாக எடுத்துக் கொடுக்கலாமாம்.

ஜசிக்கு நாற்பத்தொன்பது வயது. கல்யாணம் கட்டவில்லை. அம்மா பாரிசவாதத்தில் விழுந்தபோது கொழும்பு வேலையை விட்டுவிட்டு வந்தவள், அந்த வீட்டு விறாந்தையில் பாலர் பாடசாலை தொடங்கினாள். காலையில் பிள்ளைகள் வரிசையாகச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறுவார்கள். அவளுக்கு வீடும் பிழைப்பும் ஒரே கூரையின் கீழேதான். அன்ரன் சொன்ன சின்ன வீட்டில் விறாந்தை இருக்குமா என்று கேட்டேன். அவன் அதை யோசிக்கவில்லை.

3

சட்டச் சொல் என்றால் எனக்கு இன்னும் பயம். இங்கே மஞ்சள் கடித உறையில் வந்தால் அது அரசாங்கம் கையளித்த கடிதம், இன்ன நேரம் பெட்டியில் போட்டேன் என்று தபால்காரர் மேலேயே எழுதிவிட்டுப் போவார். போன மாதம் ஒன்று வந்தது. நான் முதியோர் இல்லச் சமையல் வேலைக்குப் போகிற பஸ்ஸையும் தவறவிட்டு, கதிரையில் உட்கார்ந்து, செபம் சொல்லித்தான் உடைத்தேன். ஹம்பேர்க்கில் படிக்கிற என் மகன் எங்கள் பெயரில் இருக்கிற காரை வேகமாக ஓட்டியதற்குத் தண்டம். வீட்டுப் பக்கம் கிறிஸ்மசுக்கு மட்டும் வருகிற பிள்ளை. இப்படியாவது ஒரு கடிதம் வந்ததே என்று இவர், என் வீட்டுக்காரர், சொன்னார்.

வந்த புதிதில் எனக்குத் தந்த கடதாசிக்கு டுல்டுங் என்று பெயர். பொறுத்துக்கொள்ளுதல் என்று தமிழில் சொல்லலாம். உன்னைத் திருப்பி அனுப்ப வேண்டியது, இப்போதைக்கு அனுப்பவில்லை, அவ்வளவுதான். சில மாதத்துக்கு ஒருமுறை போய் முத்திரை குத்தி வர வேண்டும். ஒருநாள் நான் அங்கிருந்த அதிகாரியை நீ என்று பேசிவிட்டேன். மொழி வகுப்பில் அந்த ஒரு வடிவம்தான் அதுவரை படிப்பித்திருந்தார்கள். அந்த மனிதர் பேனையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! முத்திரை வாங்காமலே ஓடிவந்துவிட்டேன். அப்பாவுக்கு ஃபோன் எடுத்து அழுதபோது, முத்திரை கிடைக்காததைவிட, அதிகாரியை நீ என்று சொன்னதுதான் அவருக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

பிறகு டுல்டுங் என்றால் என்னவென்று கேட்டார். விளக்கினேன். அதற்கு அவர் சொன்னது எனக்கு இன்றைக்கும் மறக்காது.

"அனுமதியோடை இருக்கிறதும் உரித்தோடை இருக்கிறதும் ஒண்டில்லை, பிள்ளை. உரித்துள்ளவனை எழுப்ப வழக்கு வேணும். அனுமதியிலை இருக்கிறவனை எழுப்ப ஒரு சொல்லுப் போதும்."

ஆறுதல் சொல்வார் என்று எடுத்த அழைப்பு அது. ஆனாலும் அவர் சொன்னது உண்மை என்பதால், உரித்து என்ற சொல்லை அன்றிலிருந்து நான் விடவில்லை. வதிவிட உரித்து வந்தது, பிரஜாவுரிமை வந்தது, கடைசியில் இந்தத் தொடர் வீடும் வந்தது. அந்த வீட்டைத்தான் இப்போது பிள்ளைகள் பெயரில் எழுதுவதாக இருந்தோம். நத்தாலி அன்று வந்ததே அந்த உறுதியின், அதாவது வீட்டுப் பத்திரத்தின், வரைவைக் காட்டத்தான். அதில் ஒரு பந்தியை நானும் இவரும் கேட்டுப் போட்டிருந்தோம். நாங்கள் இருவரும் சாகும்வரை இந்த வீட்டில் இருக்க எங்களுக்கு உரித்து உண்டு, எங்களை எழுப்ப ஒருவருக்கும் ஏலாது. ஊரில் இதைச் சீவிய உரித்து என்பார்கள். பிள்ளைகளுக்கு வீடு எழுதுகிற எந்தத் தாய் தகப்பனுக்கும் அப்பா சொல்லுகிற முதல் புத்தி இதுதான், சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுதுங்கோ. நான் வேலை செய்கிற இல்லத்தில் அதை வைக்காமல் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த கிழவர்கள் சிலர் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிக்கிட்டுச் சப்பாத்தும் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருப்பார்கள். அவர்களுக்குச் சூப் கொண்டுபோய்க் கொடுப்பது நான்தான்.

4

அப்பாவிடம் யார் சொல்வது? ஜசி முடியவே முடியாது என்றாள். "தயவுசெய்து என்னை இழுக்காதேங்கோ அக்கா. வீட்டுக்கு ஆசைப்பட்டுத்தான் இவ்வளவு காலமும் பாத்தனான் எண்டு அப்பா ஒரு நிமிஷம் நினைச்சாலும் என்னாலை தாங்க ஏலாது." அன்ரன் தனக்கு வேலை இருக்கிறது என்றான். அவனுக்கு இப்படியான நேரங்களில் எப்போதும் வேலை இருக்கும். ஆகவே மூத்தவள் தலையில் விழுந்தது.

அப்பாவின் பாஷையிலேயே போவோம் என்று நினைத்தேன். ஒரு மேன்முறையீடு இருக்கு அப்பா என்றேன். குரலில் சந்தோஷம் தெரிந்தது. எந்தத் தீர்ப்புக்கு எதிராக என்று கேட்டார். மரணசாசனத்தின் கடைசிப் பக்கத்துக்கு எதிராக என்றேன். சந்தோஷம் கொஞ்சம் குறைந்தது. நான் முழுவதையும் சொல்லி முடித்தேன். அவர் குறுக்கிடவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"ஆர் கண்டுபிடிச்சது?"

நத்தாலி என்றேன். அவள் எந்த நாட்டுச் சட்டம் படித்தவள் என்று கேட்டார். ஜேர்மன் சட்டம் என்றேன். அந்தச் சட்டத்துக்கு இங்கே நியாயாதிக்கம் இல்லை, மனு தள்ளுபடி என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார். நியாயாதிக்கம் என்றால் ஒரு கோட்டுக்கு ஒரு வழக்கை விசாரிக்கிற அதிகாரம். அதாவது, உன் பிள்ளை சொல்லை என் வீட்டுக்குள் கொண்டுவராதே என்று அர்த்தம். கொழும்புச் சிநேகிதியின் கதையை எடுக்க எனக்கு இடமே தரவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஃபோனுக்கு வரவில்லை. எப்போது எடுத்தாலும் குளிக்கிறார் என்று ஜசி சொன்னாள். இப்படிக் குளித்தால் அப்பா கரைந்துபோவார் என்றேன். அவளும் சிரித்தாள், ஆனால் குரலில் ஏதோ இருந்தது. பிறகு மெல்லச் சொன்னாள். அலுமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய சட்டப் புத்தகம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு சாய்மனைக் கதிரையில் இருக்கிறாராம். பாலர் பாடசாலையில் குழப்படி செய்கிற பிள்ளைகளை வழக்கமாக அவர்தான் மூலையில் நிறுத்தி விளக்கமறியல் என்பார், இப்போது அவர்கள் கதிரையைச் சுற்றி ஓடினாலும் நிமிர்ந்து பார்க்கிறாரில்லையாம்.

அந்தக் கிழமை முடிய முன்னம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. சளி நெஞ்சில் இறங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்து மறித்துவிட்டார்கள். செய்தி வந்தபோது நான் இல்லத்தில் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தேன். அப்பா, அப்பா என்றுதான் மனது அடித்தது. அதே நேரத்தில் அந்தக் கடைசிப் பக்கமும் வந்து முன்னால் நின்றது. இப்போது ஏதாவது நடந்தால் ஜசி விறாந்தையை இழப்பாள். பெற்ற தகப்பன் மூச்சுக்குத் தவிக்கும்போது உறுதியையும் பங்கையும் நினைக்கிற மனதை என்னவென்று சொல்வது! எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனால் நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை. அன்ரன் ஃபோன் எடுத்து, ஊருக்குப் போக ரிக்கற் பார்க்கிறேன் என்றான். அவனும் அதைத்தான் நினைக்கிறானா என்று நான் கேட்கவில்லை.

5

அப்பா பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் நடந்ததை எனக்குச் சொன்னவர் ஹனிபா நானா. கோட்டில் கூப்பிட்ட குரல் இன்னும் அப்படியே இருக்கிறது. நான் தொலைபேசியைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துத்தான் கேட்டேன்.

அவர் கஞ்சி கொண்டு போயிருந்தாராம். அப்பா இரண்டு வாய் குடித்துவிட்டு, அந்தப் பிள்ளை சொன்னது சரி என்றாராம். எந்தப் பிள்ளை, என்ன சரி என்று ஹனிபா நானாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அப்பாவே சொன்னாராம். இதே சட்டத்தை ஒரு வழக்கில் அவரே தமிழில் மாற்றிச் சொல்லியிருக்கிறார், சாட்சியாகக் கையெழுத்து வைத்ததால் சொத்தை இழந்த ஒரு குச்சவெளிப் பெண்ணுக்கு. அந்தப் பெண் அதைக் கேட்டு அழுதது நினைவிருக்கிறது. தான் சொன்னதும் நினைவிருக்கிறது. "வாயாலை வந்ததே தவிர, ஹனிபா, எனக்கெண்டு ஒருநாளும் கேக்கேல்லை" என்றாராம்.

வீட்டுக்கு வந்த மறுநாளே உடுத்துக்கொண்டு வெளிக்கிட்டாராம், நொத்தாரிசிடம் போக. கோட்டடிக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு இளம் பெண். அவளுடைய தகப்பனுக்குத்தான் ஒரு காலத்தில் அப்பா வசனம் திருத்திக் கொடுத்தார். இந்த முறை மரணசாசனம் வேண்டாம், நன்கொடை உறுதியாக எழுதுங்கோ என்று சொல்லியிருக்கிறார். மரணசாசனம் தான் செத்த பிறகுதான் பேசத் தொடங்கும், அப்போது பிழை இருந்தால் எழும்பி வந்து திருத்த ஏலாது, நன்கொடை என்றால் உயிரோடு இருக்கும்போதே கை மாறிவிடும்.

உறுதி எழுதிய நாளில் ஹனிபா நானா, நொத்தாரிசு கதவு திறக்க முன்னமே போய் வாசலில் நின்றாராம். இந்த முறை தன்னை ஒருவரும் கூப்பிட வேண்டி வரக் கூடாது என்று. நொத்தாரிசு வரைவை வாசித்து விளங்கப்படுத்தியபோது அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறார். வசனம் ஒன்றையும் திருத்தவில்லை. ஒரே ஒரு பந்தியை மட்டும் வெட்டச் சொன்னாராம். நொத்தாரிசு வேண்டாம் என்று மறுத்துப் பேசிப் பார்த்திருக்கிறாள். அது என்ன பந்தி என்று கேட்டேன். ஹனிபா நானா அந்த நேரம் தன் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாராம்.

பிறகு ஜசியின் முறை. நன்கொடையைப் பெறுகிறவர் ஏற்றுக்கொள்கிறேன் என்று கையெழுத்து வைக்க வேண்டும். அவள் பேனையை வாங்கினாள், வைக்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா கோட்டுக் குரலில் இல்லாமல், வீட்டுக் குரலிலும் இல்லாமல், யாருக்கோ மாற்றிச் சொல்வதுபோலச் சொன்னாராம், நீ ஏற்காட்டி இது நன்கொடை இல்லை மகள், வெறும் கடதாசி. ஜசி கையெழுத்து வைத்துவிட்டு அழுதாள். தானும் அழுததாக ஹனிபா நானா சொன்னார், அதையும் அதே குரலில் சொன்னார்.

6

புதிய உறுதியைக் கேட்க எங்களை எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார் அப்பா. மெலிந்துபோயிருந்தார். ஆனால் எழுந்து நின்றுதான் வாசித்தார். நத்தாலியையும் திரையில் பார்க்க வேண்டும் என்றார். இவளுக்கு இங்கே இப்போது நியாயாதிக்கம் உண்டு என்றார். அதற்கு மேல் மன்னிப்பு ஒன்றும் எதிர்பார்க்கக் கூடாது, எங்கள் அப்பா அவ்வளவுதான். அன்ரன் இந்த முறை நித்திரை கொள்ளவில்லை. வாசிப்பின் இடையில், நல்லது அப்பா என்று ஒருதரம் சொன்னான். அந்தக் குரலில் ஹோட்டல்காரர் இல்லை, அது எனக்குப் பெரிய நிம்மதி.

நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு ஒரு பந்திக்காகக் காத்திருந்தேன். எல்லைகள் வந்தன. வடக்கே வீதி, கிழக்கே மதில், கிணறு, தென்னைகள், விறாந்தை. ஏற்றுக்கொள்ளல் வந்தது. சாட்சிகள் வந்தார்கள். முடிந்துவிட்டது.

"அப்பா, ஒரு பந்தியை விட்டுட்டு வாசிச்சிட்டீங்கள்."

"ஒண்டும் விடேல்லை."

சீவிய உரித்து எங்கே என்று கேட்டேன். வைக்கவில்லை என்றார். ஹனிபா நானா சொன்ன வெட்டிய பந்தி எது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன மனிதர், எண்பது தாண்டிய வயதில், சொந்த வீட்டைச் சும்மா எழுதிக் கொடுத்துவிட்டு நிற்கிறார். எங்கள் இல்லத்துக் கிழவர்களைப் பற்றிச் சொன்னேன். டுல்டுங்கில் நான் இருந்த இருப்பைச் சொன்னேன். உங்கள் வாயால்தானே கேட்டேன் அப்பா, அனுமதியில் இருக்கிறவனை எழுப்ப ஒரு சொல் போதும் என்று. இப்போது நீங்கள் அந்த வீட்டில் அனுமதியில்தானே இருக்கிறீர்கள், நாளைக்கு ஜசி போ என்றால் போகத்தானே வேண்டும்?

"ஓம். போகத்தான் வேணும்."

குசினிக்குள்ளிருந்து, என்ன கதை கதைக்கிறியள் அக்கா என்று ஜசி சத்தம் போட்டாள். அப்பா உறுதியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நொத்தாரிசும் உதைத்தான் சொன்னவ. நான் ஒண்டுதான் கேட்டனான். கொம்மா படுக்கையிலை கிடந்த காலம் முழுக்க இவள் எந்த உறுதியைப் பாத்து அவவைத் தூக்கிக் குளிப்பாட்டினவள்?"

அன்ரன் முகத்தைத் துடைத்தான். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது, நல்லவேளை கையில் வெங்காயம் இருந்தது. அப்பாவுக்கு இப்படியான கண்ணீர் பிடிக்காது. உடனே தொண்டையைச் செருமிக்கொண்டு, நன்கொடை கொடுத்தவர் பெற்றவருடைய மோசமான நன்றிகேட்டைக் காட்டி அதைத் திருப்பி எடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்றும், டொக்ரரின் சொல்லைக் கேட்டு ஜசி இப்போது சொதிக்கு உப்புப் போடுவதில்லை என்றும், தான் எல்லாவற்றையும் குறித்து வைத்திருப்பதாகவும் சொன்னார். நத்தாலி தன் உடைந்த தமிழில், உப்பு நன்றிகேட்டுக்குள் வராது அம்மப்பா என்றாள். வரும், வாதாடலாம் என்றார் அவர். அதற்குள் ஜசி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். அவர் பேசிக்கொண்டே இருந்தார். இரண்டாம் தரம் கூப்பிட்டாள். மூன்றாம் தரம் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது எண்பது வயது தாண்டிய முதலியார் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழும்பிப் போனார். திரையில் வெறும் கதிரை மட்டும் இருந்தது.

மேசையில் எங்கள் உறுதியின் வரைவு கிடந்தது. நத்தாலி அதை எடுத்து அந்தப் பந்தி இருக்கிற பக்கத்தைப் புரட்டினாள். இது இருக்கட்டுமா, எடுக்கிறதா என்று கேட்டாள். கேலியாகக் கேட்டாளா உண்மையாகக் கேட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. நல்ல பிள்ளை. ஆனால் அப்பா கேட்ட கேள்வியை மாற்றி, எந்த உறுதியைப் பார்த்து நீ எங்களைப் பார்ப்பாய் என்று நான் இவளைக் கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயமாக இருந்தது. எனக்குத் தவணை வேண்டும் என்றேன். காரணம் காட்ட வேண்டும் என்றாள், அம்மப்பாவின் பேத்தி. காரணம் ஒன்றும் நான் காட்டவில்லை. அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வரைவை மூடி ஒரு பக்கம் வைத்துவிட்டு, என் கையிலிருந்த கத்தியை வாங்கி, மீதி வெங்காயத்தை வெட்டத் தொடங்கினாள். துண்டுகள் பெரிசு பெரிசாகத்தான் விழுந்தன. நான் அவற்றை அப்படியே அள்ளிச் சட்டியில் போட்டேன்.